மூன்று சூரியன் ஊரில் ஒரு விளக்கு

இருட்டே இல்லாத ஊருக்கு என் தம்பி ஒரு விளக்கு செய்து வைத்தான்.

செவ்வாய்க்கிழமை காலை நான் வேலைக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள், கேள்வி மேஜையின் ஓரத்தில் அது உட்கார்ந்திருப்பது கண்ணில் பட்டது. பக்கத்தில் ஒரு துண்டுச்சீட்டு. அதில் தம்பியின் கோணல் எழுத்தில் 'வெள்ளிக்கிழமை'. அன்றைக்கு இது பரிசீலனைக்கு வருகிறது என்று அர்த்தம். இது தேறாது என்று அப்போதே தோன்றியது. ஏனென்றால் அந்த மேஜைக்கு நேர் எதிரே, சுவரில், என் கையால் எழுதி ஒட்டிய விதிகள் தொங்குகின்றன. அவற்றில் முதல் விதி, கொட்டை எழுத்தில்: வெளுமத்தில் இருட்டு கிடையாது.

நாங்கள் பொம்மைப் படம் எடுக்கிறவர்கள். ஒரு சாண் உயரப் பொம்மைகளை நிறுத்தி, இம்மி இம்மியாக நகர்த்தி, ஒவ்வொரு நகர்வையும் படம் பிடிப்போம். கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்து ஓடவிட்டால் பொம்மைகள் நடக்கும், தும்மும், கோபித்துக்கொண்டு மூஞ்சியைத் திருப்பும். இப்போது எடுப்பது வெளுமம் என்ற ஊரின் கதை. அப்படி ஓர் ஊர் எங்கேயும் இல்லை, நாங்கள்தான் கட்டிக்கொண்டிருக்கிறோம். அங்கே மூன்று சூரியன்கள். ஆஸ்பத்திரி நர்சுகள் மாதிரி ஷிஃப்ட் போட்டு வருகின்றன. ஒன்று கிளம்புவதற்குமுன் அடுத்தது வந்து பொறுப்பை வாங்கிக்கொள்ளும். அதனால் அங்கே ராத்திரி என்ற பேச்சே இல்லை.

சூரியன்களை அங்கே வைத்தவள் நான். அந்த ஊர் ஜந்துக்களுக்கும் சாமான்களுக்கும் பெயர் வைப்பதும் நான்தான். இங்கே எல்லோரும் என்னை 'அகராதி' என்று கூப்பிடுகிறார்கள். சொல் செய்கிறவள் என்பது பாதிக் காரணம், வாய் நீளம் என்பது மீதி.

என் சொற்களில் சிலவற்றைச் சொல்கிறேன், பெருமைக்குத்தான். குதுப்பி: குட்டிகளைக் கன்னத்துக்குள் அடக்கிக்கொண்டு நடக்கும் ஜந்து. அதனால் அவசரத்துக்கு அதற்குப் பேச வராது. பிசிந்தன்: திட்டினால் சுருங்கிக் கட்டிலுக்கடியில் போய்விடும். கொஞ்சிச் சமாதானம் செய்தால் பழைய அளவைவிட ஒரு விரற்கடை கூடுதலாகவே வளர்ந்து வெளியே வரும். தொம்பிலி என்பது காலியானால் பெருமூச்சு விடும் பானை. துளப்பு, கூரைமேல் படியும் மேகத்தை இழுத்துத் தள்ளுகிற கோல்.

ஒரு சொல் தேறியதா இல்லையா என்று பார்க்க எனக்கு ஒரு வழி இருக்கிறது. எங்கள் கட்டடத்தின் கீழே ஒரு கடை. கடைக்காரருக்குத் 'தெரியாது' என்று சொல்லிப் பழக்கமே இல்லை. நான் போய் முகத்தை இயல்பாக வைத்துக்கொண்டு, "அண்ணே, துளப்பு இருக்கா?" என்று கேட்பேன். அவர் ஒரு கணம்கூட யோசிக்காமல், "நேத்துத்தான் தீர்ந்துச்சும்மா, திங்கக்கிழமை வந்துரும்" என்றால் சொல் பாஸ். "என்னது?" என்று கேட்டுவிட்டால் பெயில், நான் மாடியேறி வேறு சொல் செய்ய வேண்டியதுதான். இத்தனை வருடத்தில் அவர் என்னைச் சந்தேகப்பட்டதில்லை. எப்போதும் இல்லாத சாமானையே கேட்கிற துரதிர்ஷ்டம் பிடித்த பெண் என்று நினைத்துக்கொண்டிருப்பார்.

கேள்வி மேஜை எங்கள் டைரக்டர் கண்டுபிடித்த கொடுமை. அந்த அம்மாளுக்கு நாங்கள் முதுகுக்குப் பின்னால் வைத்திருக்கும் பெயர் 'ஏன் மேடம்'. எதைக் காட்டினாலும் ஏன் என்பார். புதிதாக எந்தப் பொருள் செய்தாலும் அது அந்த மேஜைக்கு வர வேண்டும். சுற்றி உட்கார்ந்து மூன்று விஷயம் கேட்பார்கள். இதை வைத்திருப்பவர் யார்? எதற்கு? இதன் பெயர் என்ன? பதில் நின்றால் பொருள் படத்துக்குள் போகும். நிற்காவிட்டால், மேஜைக்குக் கீழே இருக்கும் 'ஆகாதது' என்று எழுதிய மரப்பெட்டிக்குள் போகும். இதில் ஒரு வினோதமான கட்டுப்பாடு உண்டு. பொருளைச் செய்தவர் அதைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது. மேஜையில் வைத்த நிமிடத்திலிருந்து தீர்ப்பு வரும்வரை மூச்சு விடக்கூடாது. விட்டால் பொருள் நேராகப் பெட்டிக்கு.

"படம் பாக்குற பிள்ளை பக்கத்துல உட்கார்ந்து நீங்க விளக்கம் சொல்லப் போறீங்களா? இல்லைல்ல? அப்ப இங்கயும் சொல்லாதீங்க" என்பார் மேடம்.

ஆகவே செய்தவருக்குப் பதிலாக வேறு யாராவது வாதாட வேண்டும். பெரும்பாலும் நான்தான்.

தப்பு நடப்பது புதிதல்ல. எங்களைப் போன்றவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்புகள் எத்தனையோ செய்திருக்கிறோம். ஒருமுறை கையே இல்லாத ஒரு கூட்டத்தாருக்கு வீடெல்லாம் கட்டி, வாசற்கதவில் அழகான கைப்பிடி வைத்துவிட்டோம். இன்னொருமுறை தண்ணீருக்குள்ளேயே வாழ்கிறவர்களுக்குக் கைகழுவத் தொட்டி. அதையெல்லாம் விழுந்து விழுந்து சிரித்துவிட்டுப் பெட்டியில் போட்டோம், செய்தவர்களும் சேர்ந்து சிரித்தார்கள்.

இந்த விளக்கை என்னால் சிரித்துப் பெட்டியில் போட முடியாது. அதற்குக் காரணம் தம்பி.

அவனும் அவன் கூட்டாளியும் பூட்டும் கீலும் செய்கிற பட்டறை வைத்திருந்தார்கள். ஒருநாள் வேலைக்கு நடுவில், ஸ்டூலில் உட்கார்ந்து நெஞ்சைத் தடவிக்கொண்ட கூட்டாளி பிறகு எழுந்திருக்கவில்லை. தம்பி பட்டறையைப் பூட்டிவிட்டு, "ரெண்டு நாள் இருந்துட்டுப் போறேன்க்கா" என்று என் வீட்டுக்கு வந்தான். நான் தனிக்கட்டை, பின்னால் ஓர் அறை சும்மா கிடந்தது. அதற்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டவன் இரண்டு வருடம் வெளியே வரவில்லை. சாப்பாட்டுக்கு வருவான், குளிக்க வருவான், அதுவும் நான் கத்தினால். டாக்டரிடம் கூட்டிப்போனேன், மாத்திரை வாங்கிக் கொடுத்தேன், சண்டை போட்டேன், அழுதேன். நான்கு மாதத்துக்கு முன்னால், "வீட்டுல படுக்குறதை ஆபீஸ்ல வந்து படு, எனக்கு வேடிக்கை பாக்க வசதியா இருக்கும்" என்று இழுத்துவந்தேன். ஆச்சரியமாக, வந்தான். முதலில் பொம்மைச் செருப்புக்கு அடி ஒட்டினான். பிறகு பொம்மைக் கதவுக்கு எறும்பு அளவில் கீல் வைத்தான். பிறகு ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் எதையோ அரத்தால் ராவ ஆரம்பித்தான். அந்த மூன்று வாரமும் அவன் இரண்டாவது தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். குளியலறையில் ஏதோ முனகினான். அது பாட்டு என்று எனக்குப் புரிய இரண்டு நாள் பிடித்தது.

அப்படிச் செய்ததுதான் இந்த விளக்கு. இது பெட்டிக்குள் போனால் அவன் திரும்பவும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வான் என்று நான் பயந்தேன்.

"டேய், சுவத்துல என்ன எழுதியிருக்குன்னு ஒரு தடவையாவது படிச்சியாடா?" என்று அவனிடம் போய்ப் பல்லைக் கடித்தேன்.

அவன் உதட்டின்மேல் விரலை வைத்துக் காட்டிவிட்டுச் சிரித்தான். விதியை மதிக்கிறானாம்.

விளக்கு கட்டைவிரலில் பாதி உயரம். பித்தளை. மேலே மூடி, மூடிக்குமேல் வளையம், பக்கமெல்லாம் அடைப்பு. எண்ணெய் ஊற்றுகிற குடம் மட்டும் அளவுக்கு மீறிப் பெரியது. படம் எடுப்பதற்காக உள்ளே கடுகளவு பல்பு வைத்து, தலைமுடி மாதிரிக் கம்பியை அடியில் விட்டிருந்தான். எங்கள் லைட் அண்ணன் அதைத் தன் கறுப்புக் கூண்டுக்குள் கொண்டுபோனார். பல்புகளைச் சோதிப்பதற்காக நாலு பக்கமும் கறுப்புத் துணி தொங்கவிட்ட கூண்டு அது, இரண்டு பேர் இடித்துக்கொண்டு நிற்கலாம். நானும் நுழைந்தேன். ஏற்றினார்.

மேலே வெளிச்சம் வரவில்லை. பக்கத்திலும் இல்லை. விளக்கின் அடியில், ஒரு பக்கம் மட்டும், நகக்கண் அகலத்துக்கு நீளமான ஒரு பிளவு. அதன் வழியாக ஒரே ஒரு கோடு வெளிச்சம் தரையோடு தரையாக ஓடியது.

"இது என்ன கூத்து? எல்லாரும் மூஞ்சிக்கு வெளிச்சம் கேப்பாங்க, இவன் தரைக்கு லைட் போட்டிருக்கான்" என்றார் லைட் அண்ணன். அந்தக் கோட்டில் விரலை வைத்துப் பார்த்தார். விரலின் நிழல் நெடுக நீண்டு துணியில் ஏறியது. "ஆனா சும்மா சொல்லக்கூடாது, வேலை சுத்தம்" என்று இரண்டு தடவை சொன்னார்.

எனக்கு அதற்குப் பிறகு பயத்தைவிடக் குடைச்சல் அதிகமாகிவிட்டது. இருட்டே இல்லாத ஊரில் விளக்கு எதற்கு? இருந்தாலும், ஏன் தரைக்கு? அதுவும் ஒரு பக்கம் மட்டும்? செய்தவனைக் கேட்கவும் முடியாது. வீட்டில் தட்டுக்கு எதிரே உட்கார்ந்து அவன் பாட்டுக்குச் சாப்பிடுகிறான், நான் அவன் மூஞ்சியையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். மண்டை காய்ந்துவிட்டது. ஆகவே வழியில் கண்ட எல்லோரையும் கேட்க ஆரம்பித்தேன்.

பக்கத்து மாடிப் பல் டாக்டர், "எந்த ஊரா இருந்தாலும் வாய்க்குள்ள ராத்திரிதான்மா" என்றார். எனக்கு உடனே குதுப்பியின் கன்னம் ஞாபகம் வந்தது. உள்ளே எத்தனை குட்டி இருக்கிறது என்று எண்ண ஒரு விளக்கு வேண்டாமா? ஓடிப்போய்த் தையலக்காவிடம் சொன்னேன். எங்கள் ஜந்துக்களுக்கெல்லாம் தோல் தைக்கிறவர் அவர்தான். குதுப்பிப் பொம்மையை எடுத்து வாயைப் பிளந்து, விளக்கை உள்ளே வைத்துப் பார்த்தார். "குட்டிங்களோட பாதம் மட்டும்தான் தெரியுது. பாதத்தை எண்ணி ரெண்டால வகுக்கணும்" என்றார். அந்த யோசனை அத்தோடு படுத்தது.

லிஃப்ட் சரிசெய்ய வந்தவரிடம் கேட்டேன். அவர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு ரொம்ப மரியாதையாக யோசித்தார். "மூணு சூரியன் இருந்தாலும் லிஃப்ட் குழிக்குள்ள எட்டிப் பாருங்க மேடம், அங்க வேற தேசம்" என்றார். பிறகு வேலையை விட்டுவிட்டு, அந்த ஊரில் மின்சாரம் உண்டா, மாடி உண்டா, மூன்று சூரியனும் ஒரே திசையிலா உதிக்கின்றன என்று என்னையே திருப்பிக் கேட்டார். எனக்குப் பாதிக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்த மாதிரி சொல்லிவைத்தேன். என்னைப் பார்த்துத்தான் கீழ்க்கடைக்காரர் கற்றுக்கொண்டாரோ என்னவோ.

மூன்றாவது நாள் தையலக்காதான் வழிகாட்டினார். ஊசியை உதட்டில் கவ்விக்கொண்டு, "கீழ வெளிச்சம் வேணும்னா, கீழ ஏதோ தேடணும். என் பொத்தான் எல்லாம் கட்டிலுக்கடியிலதான் ஓடும்" என்றார்.

கட்டிலுக்கடி! அங்கே யார் இருப்பார்? பிசிந்தன்! திட்டு வாங்கிச் சுருங்கிக் கிடக்கிற பிசிந்தனைத் தேட, தரையோடு ஓடுகிற வெளிச்சம். கோட்டு வெளிச்சம் போதும். அதிக வெளிச்சம் பட்டால் பாவம், வெட்கப்படும். எனக்குத் துள்ளிக் குதிக்கலாம் போலிருந்தது. தரையில் தவழ்கிற வெளிச்சம் என்பதால் 'தவழி' என்று பெயரும் வைத்தேன். கீழே இறங்கி, "அண்ணே, ஒரு தவழி குடுங்க" என்றேன்.

"பெருசா, சிறுசா?" என்றார் கடைக்காரர்.

இதைவிடப் பெரிய சான்றிதழ் யாரும் தர முடியாது.

வெள்ளிக்கிழமை காலை எல்லோரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்தோம். மேடம் மேஜையின் தலைப்பக்கம், லைட் அண்ணனும் தையலக்காவும் எதிரெதிரே, தம்பி என் பக்கத்தில். அவன் சவரம் செய்துகொண்டு வந்திருந்தான். நான் எழுந்து, பிசிந்தன் குடும்பத்தையே கண்முன் நிறுத்துகிற மாதிரி ஒரு வாதம் வைத்தேன். யார் வைத்திருப்பார்கள்? பிசிந்தன் வளர்க்கிற ஒவ்வொரு வீட்டாரும். எதற்கு? கோபித்துக்கொண்டு போனதைக் கண்டுபிடித்து அழைத்துவர. பெயர்? தவழி.

"நல்லாயிருக்கு" என்றார் மேடம். அவர் அப்படிச் சொன்னால் பின்னால் ஏதோ வருகிறது என்று அர்த்தம். "ஆனா ஏன்? பிசிந்தன் கோவத்துல இருக்கும்போது கண்ணை இறுக்கி மூடிக்கும், உடம்புல இருந்து சோப்பு வாசனை வரும்னு நீதானே எழுதின? மோந்து பாத்தே கண்டுபிடிச்சிரலாம். விளக்கு ஏன்?"

என் விதி என் காலை வாரிவிட்டது. "சளி பிடிச்சவங்க வீட்டுல…" என்று இழுத்தேன்.

"அது சரி, இவ்வளவு பெரிய எண்ணெய்க் குடம் ஏன்?" என்றார் லைட் அண்ணன். அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, அவருக்கும் குடைச்சல்தான். "கட்டிலுக்கடியில பாக்க ரெண்டு நிமிஷம் போதுமே. இதுல ஊத்துற எண்ணெய்க்கு விடிய விடிய எரியும்."

விடிகிற வேலையே இல்லாத ஊரில் விடிய விடிய. தையலக்கா சிரித்துவிட்டார். லைட் அண்ணனும் தன் வாயில் வந்ததை நினைத்துச் சிரித்தார். நான் தம்பியைப் பார்த்தேன். அவன் சிரிக்கவில்லை. மேஜையில் இருக்கிற விளக்கையும் பார்க்கவில்லை, சுவரில் இருக்கிற என் விதியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மேடம் கையை நீட்டி விளக்கை எடுத்தார். "அழகான வேலை. வேற படத்துக்கு வச்சுப்போம்" என்று குனிந்து பெட்டியின் மூடியைத் திறந்தார்.

"மூணுல ஒரு சூரியனுக்கு உடம்பு முடியாமப் போச்சுன்னா?" என்றான் தம்பி.

நான் மேஜைக்கடியில் அவன் காலை மிதித்தேன். பேசினால் போச்சு என்று அவனுக்குத் தெரியும், அவன் நிறுத்தவில்லை.

"அது ஷிஃப்டுக்கு வரலை. வீட்டுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிச்சு. சாகலை. யார் மேலயும் கோவம் இல்லை. எழுந்திரிக்க முடியலை, அவ்வளவுதான். அப்ப அந்த நேரத்துக்கு ஊரு இருட்டும்ல?"

"இருட்டும்" என்றார் லைட் அண்ணன் மெதுவாக.

"அவங்களுக்கு இருட்டுன்னா என்னன்னே தெரியாது. பயந்துருவாங்க. எல்லாரும் போய் அது கதவைத் தட்டுவாங்க. எழுந்திரு, எழுந்திருன்னு கத்துவாங்க. தட்டத் தட்ட அது இன்னும் இழுத்துப் போத்திக்கும். ஒரு ஆளு மட்டும் தட்டாது. எல்லாரும் போனப்புறம் வந்து, கதவுக்கு வெளியில சும்மா நிக்கும்."

அவன் கையை மேஜைமேல் படுக்கவைத்து, மணிக்கட்டுக்கும் பலகைக்கும் இடையில் ஒரு மெல்லிய சந்து விட்டான்.

"கதவு சாத்தியிருந்தாலும் அடியில இவ்வளவு தெரியும். வெளியில வெளிச்சம் இருந்தா ஒரு கோடு. அந்தக் கோட்டுல ரெண்டு கால் நிழல்."

அந்த இரண்டு வருடமும் தினம் நான் ஹால் விளக்கைப் போட்டுவிட்டு அவன் கதவுக்கு வெளியே போய் நின்றிருக்கிறேன். மூச்சுச் சத்தம் கேட்கிறதா என்று. தட்டப் பயம். தட்டாமல் போகவும் பயம். உள்ளே ஏதாவது சத்தம் கேட்ட பிறகுதான் நகர்வேன். அவனுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"நான் நின்னது உனக்குத் தெரியுமாடா?"

"தெரியும்க்கா. தெனமும் பாப்பேன். நீ இன்னும் போகலையேன்னு தோணும். அதான் இருமுவேன்."

அந்த இருமல். அதைக் கேட்ட பிறகுதான் நான் விளக்கை அணைத்துவிட்டுப் போய்ப் படுப்பேன். அவனுக்கு நெஞ்சில் சளி இருக்கிறது என்று மருந்து வேறு வாங்கிக் கொடுத்திருக்கிறேன், மூன்று பாட்டில்.

லைட் அண்ணன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

மேடம்தான் கேட்டார். குரலை ரொம்பத் தாழ்த்திக் கேட்டார். "அகராதி, நீ ஏன் இந்த ஊருக்கு ராத்திரியே வைக்கலை?"

படம் தொடங்கிய நாளிலிருந்து யாரும் என்னை இதைக் கேட்கவில்லை. மூன்று சூரியன் என்றதும் புதுமையாக இருக்கிறது என்று கைதட்டினார்கள். லைட் அண்ணன் ஒரே மாதிரி வெளிச்சம், வேலை மிச்சம் என்று மகிழ்ந்தார். நானும் அது என் கற்பனை வளம் என்றே சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

"பயம் மேடம்" என்றேன். "பகல்ல எப்படியும் சமாளிச்சிருவேன். பொழுது சாஞ்சா எனக்கு ஈரக்குலை நடுங்கும். காலையில இவன் இருப்பானா மாட்டானான்னு. அதான் ராத்திரியே வேண்டாம்னு எடுத்துட்டேன்."

சொல்லி முடித்ததும் அழுதுவிட்டேன். தையலக்கா எழுந்துவந்து, குதுப்பிக்கு வெட்டி வைத்திருந்த மெத்துத் துணியை என் கையில் கொடுத்தார். மூக்கைச் சிந்தினேன்.

"இப்ப நான் நல்லாத் தூங்குறேன்க்கா. நீதான் இன்னும் வந்து நின்னுட்டுப் போற" என்றான் தம்பி.

மேடம் கையில் இன்னும் விளக்கு இருந்தது. பெட்டியின் மூடியும் திறந்தே இருந்தது. விதி விதிதான் என்கிற ஆள் அவர். "செஞ்சவர் பேசிட்டாரே" என்றார், பேசாமல் இருந்திருக்கலாமே என்கிற மாதிரி.

"என்ன பேசினாரு?" தையலக்கா இடுப்பில் கைவைத்துக்கொண்டார். "சூரியனைப் பத்திப் பேசினாரு. அவங்க வீட்டுக் கதவைப் பத்திப் பேசினாரு. இருமலைப் பத்திப் பேசினாரு. விளக்குங்கிற வார்த்தையை அந்தப் பிள்ளை வாயில கேட்டீங்களா யாராவது?"

எல்லோரும் யோசித்துப் பார்த்தோம். யாரும் கேட்கவில்லை.

"போச்சு. இருட்டைக் காட்டத்தான் லைட்டு நிறைய வேணும். பாதிப் படத்துக்கு நான் மறுபடியும் லைட்டிங் போடணும். என் நிம்மதி போச்சு" என்றார் லைட் அண்ணன். சொல்லிக்கொண்டே எழுந்துபோய், சுவரில் ஒட்டியிருந்த என் முதல் விதியை அவரே கிழித்தார். கிழித்த காகிதத்தின் பின்பக்கம் வெறுமையாக இருந்ததால், அங்கேயே பல்புக் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார்.

மேடம் பெட்டியை மூடிவிட்டு விளக்கை மேஜையின் நடுவில் வைத்தார். "முறைப்படி முடிப்போம். இதை வச்சிருக்கிறது யார்?"

"கதவுக்கு வெளியில நிக்கிறவங்க" என்றேன்.

"எதுக்கு?"

"வெளியில ஒருத்தர் நிக்கிறாங்கன்னு உள்ள இருக்கிறவங்களுக்குத் தெரியறதுக்கு."

"பேர்? தவழின்னு சொன்னியே, அது பிசிந்தனைத் தேடுறதுக்கு வச்ச பேர், இனிமே பொருந்தாது. அந்த ஊருல முதல்முதலா வருதே ராத்திரி, அதுக்கும் அவங்ககிட்ட சொல் கிடையாது. விளக்குக்கு ஒண்ணு, ராத்திரிக்கு ஒண்ணு, ரெண்டு சொல் வேணும்."

நாலு பேரும் என்னைப் பார்த்தார்கள். கேட்ட மாத்திரத்தில் சொல் தருகிறவள் நான். ஒன்று கேட்டால் மூன்று தருவேன், பொறுக்கிக்கொள்ளச் சொல்லி. எனக்கே நம்பிக்கையாக இருந்தது. நிமிர்ந்து உட்கார்ந்து வாயைத் திறந்தேன்.

வந்தது கொட்டாவி.

சாதாரணக் கொட்டாவி இல்லை. தாடை கழன்றுவிடும்போல, கண்ணில் தண்ணீர் வர, நிறுத்தவே முடியாமல் நீண்டது. மூடப் பார்த்தேன், இன்னொன்று வந்தது. என்னைப் பார்த்துத் தையலக்காவுக்கும் வந்தது. மேடம் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் 'மன்னிச்சிருங்க' என்று சொல்ல முயன்று, அதையும் கொட்டாவிக்குள் விட்டேன்.

தம்பி எழுந்து என் கைப்பையை ஆணியிலிருந்து எடுத்து என் மடியில் வைத்தான்.

"வீட்டுக்குப் போக்கா. நான் பாத்துக்குறேன்" என்றான்.

மணி பதினொன்றுகூட ஆகவில்லை, வெளியே நல்ல வெயில். நான் போய்ப் படுத்தேன்.